கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா?

டாக்குரியாவில் நம்மவர் வீடுகளில் இப்போது எங்கே போனாலும் ஒரே பேச்சு: "உங்கள் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறுமா, ஏறாதா?" விண்டோஸ் 10 பதிப்புக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஏறாது. ஆகவே சிலர் புதிது வாங்கிவிட்டார்கள். பழையது மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் குரல் கொடுத்துக்கொண்டு வரும் பிக்ரிவாலாவிடம் எடைக்குப் போகிறது.

எடை போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதில் உள்ள தமிழ்க் கோப்புகளைத் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். திறந்தால் தமிழ் தெரியாமல் வேறு ஏதோ தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டரை 1999-ல் சாந்தினி சௌக்கில் வாங்கினோம். விண்டோஸ் 98. அப்பா அப்போது ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கும்பகோணத்தில் ஆங்கிலம் ஹையரும் தமிழ் லோயரும் பாஸ் செய்துவிட்டு, டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாக வந்து சேர்ந்தவர். விரல்கள் சும்மா இருக்குமா? மெட்ராசிலிருந்து வந்த உறவினர் ஒரு குறுந்தகட்டில் தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார். பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பிலேயே அது இருந்ததால் அப்பாவுக்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. தாம் கல்கத்தா வந்த கதையை நாளுக்கு ஒரு பக்கமாக அடித்தார். மூன்று ஆண்டுகளில் நாற்பது பக்கம்.

அந்த நாற்பது பக்கத்தில் உண்மையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். அந்தக் காலத்து விண்டோஸில் ஒரு கோப்புக்குள் 256 இடங்கள்தாம். அவற்றில் ஆங்கிலமும் சில ஐரோப்பிய எழுத்துகளும் உட்கார்ந்திருந்தன. தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. ஆகவே நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளின் நாற்காலிகளில் தமிழ் எழுத்தின் படங்களை உட்கார வைத்தார்கள். பலரும் அறிந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'எம்' இருக்கும் இடத்தில் அ வரும், 'கே' இருக்கும் இடத்தில் ம, அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி, 'எச்' இடத்தில் கால். 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எண்ணாகச் சொன்னால் 109, 107, 59, 107, 104. பாமினி எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கிறுக்கல். வேறொரு தமிழ் எழுத்துருவில் திறந்தால் வேறு ஏதோ தமிழ்க் கிறுக்கல். ஏனென்றால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி நாற்காலி போட்டிருந்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. எழுத்துருக் குறியீட்டுக்கு டாம், டாப் என்ற தரங்களும், தமிழ் 99 என்ற விசைப்பலகையும் அதன் பயனாக வந்தன.

அடுத்த ஆண்டு, 2000 பிப்ரவரி 17-ல், விண்டோஸ் 2000 வெளிவந்தது. விளம்பரம் எல்லாம் 'இது அடிக்கடி உறையாது, அலுவலகங்களுக்கு ஏற்றது' என்றே பேசியது. எங்கள் அலுவலகத்திலும் அதைப் போட்டார்கள். ஒரு மதியம் தேதி அமைப்பை மாற்றுவதற்காகக் கண்ட்ரோல் பேனலில் ரீஜினல் ஆப்ஷன்ஸைத் திறந்தேன். அங்கே மொழிகளின் பட்டியல் ஒன்று. ஆர்மீனியன், ஜார்ஜியன், கிரீக், ஹீப்ரு என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் 'இண்டிக்' என்று ஒரு சிறு கட்டம், டிக் போடப்படாமல் காத்திருந்தது. டிக் போட்டேன். குறுந்தகட்டைக் கேட்டது. கொடுத்தேன். திரும்ப இயங்கியபோது 'லதா' என்ற தமிழ் எழுத்துரு உள்ளே வந்திருந்தது. நோட்பேடில் தட்டுத் தடுமாறி 'அப்பா' என்று அடித்தேன்.

பார்வைக்கு அது பழைய தமிழ் போலத்தான் இருந்தது. வேறுபாடு உள்ளே. 1991-ல் வெளியான யூனிகோட் தரத்தில், அதாவது ஒருங்குறியில், தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனித் தெருவே உண்டு. அ-வுக்கு 2949. ம-வுக்கு 2990. புள்ளிக்கு 3021. காலுக்கு 3006. இவை வேறு எந்த மொழியின் நாற்காலியும் அல்ல. 'அம்மா' என்பது உலகில் எந்த ஒருங்குறிக் கோப்பிலும் 2949, 2990, 3021, 2990, 3006 தான். எழுத்துருவை மாற்றினால் உடை மாறும், ஆள் மாற மாட்டார். 'கொ' போன்ற எழுத்துகளிலும் ஒரு நுட்பம் இருந்தது. பழைய எழுத்துருவில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தோம். புதிய முறையில் முதலில் க, பிறகு ஒகரக் குறி என்று வாய் சொல்லும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது விண்டோஸின் வேலை. அந்த வேலையைச் செய்ய 'யூனிஸ்கிரைப்' என்ற பகுதியை அந்தப் பதிப்பில் வைத்திருந்தார்கள். கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிந்தது. கோப்புக்குள் தமிழ்ச் சொல்லைத் தேட முடிந்தது. என்னைக் கேட்டால் விண்டோஸ் 2000-ன் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான். அப்பாவிடம் சொன்னபோது, "ஏண்டா, இதைச் சொல்ல ஒரு விளம்பரம் கொடுக்கக் கூடாதா அவர்கள்?" என்று கேட்டார்.

இங்கே ஒரு சிறு பெருமையையும் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பதிப்பில் இடம் பெற்ற இந்திய எழுத்துகள் இரண்டே: தேவநாகரியும் தமிழும். 2001-ல் வந்த எக்ஸ்பி பதிப்பில் குஜராத்தி, குர்முகி, கன்னடம், தெலுங்கு சேர்ந்தன. வங்காளமும் மலையாளமும் வருவதற்கு 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வரவேண்டியிருந்தது. கீழ் வீட்டு தாதா ஒருநாள் மேலே வந்து என் திரையைப் பார்த்துவிட்டு, "ஆமாதேர்டா கோத்தாய்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எங்களுடையது எங்கே என்று! வங்காள நாட்டின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சர்வீஸ் பேக் வந்த பிறகு 'விருந்தா' எழுத்துருவை அவருக்கு நானே காட்டிக்கொடுத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு சந்தேஷ் வந்தது.

அதே 2004-ல்தான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

எக்ஸ்பி வந்த உற்சாகத்தில், அப்பாவின் நாற்பது பக்கத்தையும் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். எண்ணுக்கு எண் மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் அப்போதே கிடைத்தன. முதல் பன்னிரண்டு பக்கத்தை மாற்றி, நோட்பேடில் ஒட்டி, சேமித்தேன். ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. நீளமான ஆங்கிலம். அந்த நாளில் எச்சரிக்கைப் பெட்டியை யார் படித்தார்கள்? 'ஓகே'யை அழுத்தினேன். திரையில் தமிழ் அப்படியேதான் நின்றது. திருப்தியோடு மூடினேன். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் எதற்கு என்று பழைய கோப்பின் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அழித்தேன். ஃபிளாப்பியில் ஒரு பிரதி இருந்தது. ஆனால் கல்கத்தா மழைக்காலம் ஃபிளாப்பியை என்ன செய்யும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

அப்பா 2007-ல் காலமானார். காரியங்கள் முடிந்து, ஊரிலிருந்து வந்த அத்தை அண்ணா எழுதியதைப் படிக்க வேண்டும் என்று கேட்டபோதுதான் அந்தக் கோப்பை மறுபடி திறந்தேன். பன்னிரண்டு பக்கமும் கேள்விக்குறி.

நடந்தது இதுதான். நோட்பேட் அந்த நாளில் தானாகத் தேர்ந்துகொள்ளும் சேமிப்பு முறைக்கு 'ஆன்சி' என்று பெயர். அது பழைய 256 இடக் கணக்கு. 2949-க்கு அங்கே இடம் கிடையாது. இடமில்லாத எண் எதுவானாலும் அதற்குப் பதிலாகக் கேள்விக்குறியின் எண்ணான 63-ஐ எழுதிவிடும். அந்தப் பெட்டி சொன்னதும் அதைத்தான்: தொடர்ந்தால் இவை இழக்கப்படும், வேண்டாமென்றால் ரத்து செய்து வேறு முறையைத் தேர்ந்துகொள். 'அம்மா'வின் ஐந்து எண்களும் 63, 63, 63, 63, 63 ஆயின. இதை எந்த மாற்றியாலும் திருப்ப முடியாது. எது எதுவாக இருந்தது என்ற தகவலே கோப்பில் இல்லை.

ஆங்கில எழுத்தும் எண்களும் மட்டும் பிழைத்துக்கொண்டன. அந்தப் பக்கங்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. கேள்விக்குறிகளுக்கு நடுவே 1957 என்று ஓரிடத்தில் நிற்கிறது. அவர் ஹௌரா வந்து இறங்கிய ஆண்டு. இன்னோரிடத்தில் 17. முதல் அறையின் வாடகையாக இருக்கலாம், வீட்டு எண்ணாகவும் இருக்கலாம். ஐந்து கேள்விக்குறிகள் சேர்ந்து வரும் இடங்களில் இது அம்மாவோ என்று பார்ப்பேன். ஆனால் அப்பா, அக்கா, அண்ணா எல்லாமே ஐந்துதான். பிழை தெரிந்தபோது அவர் இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி சொல்லச் சொல்லி எழுதியிருப்பேன்.

ஆகவே உங்கள் பழைய கோப்பைத் திறக்கும்போது தெரிவது என்ன என்று முதலில் பாருங்கள். வெறும் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. எண்கள் சரியாக இருக்கின்றன, வரைந்து காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தாலும் அழிக்காதீர்கள். அது பழைய எழுத்துருவில் அடித்தது, மாற்ற முடியும். அது எந்த எழுத்துரு என்று தெரிவதுதான் முக்கியம். அதனால் பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' அடைவிலிருந்து தமிழ் எழுத்துருக் கோப்புகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இயந்திரத்தைக் கொடுங்கள். பத்து பேரில் எட்டு பேர் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். மாற்றிய பிறகு மூடித் திறந்து, நாலைந்து பக்கம் படித்துப் பாருங்கள். கிரந்த எழுத்துகளும் 'லை', 'ணை' போன்றவையும்தான் வழக்கமாகப் பிசகும் இடங்கள். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம். கேள்விக்குறியாகத் தெரிந்தால், வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேடுவது ஒன்றே வழி.

இப்போது புதுப் பதிப்புகளுக்கு வருவோம். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா முதல் டிக் போடும் வேலையே போயிற்று. தமிழ் தெரிவது இயல்பாக உள்ளேயே வந்தது. விண்டோஸ் 7-ல் 'விஜயா' என்ற எழுத்துரு சேர்ந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் 'நிர்மலா'. லதா, விஜயா, நிர்மலா என்று நம் மாமிகள் சங்கக் கூட்டத்துக்கு வருவது போல இருக்கிறது! நிர்மலா எழுத்துரு தமிழோடு வங்காளத்தையும் சேர்த்தே தாங்குகிறது. பூஜை அழைப்பிதழில் இரண்டு மொழியும் ஒரே வரியில் வரும்போது ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் தெரிந்த பழைய தொல்லை இதனால் குறைந்தது. ஆனால் ஒரு விஷயம்: விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை. லதாவில் அமைத்த பழைய மலர் புதுக் கம்ப்யூட்டரில் பக்கம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் இருக்கின்றன; சேர்த்துக்கொள்ளலாம்.

தட்டச்சு செய்வதில்தான் நாம் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. விண்டோஸ் 2000 கொடுத்தது 'இன்ஸ்கிரிப்ட்' விசைப்பலகை. அதில் எல்லா இந்திய மொழிக்கும் ஒலிக்கு ஒரே இடம். 'கே' விசையில் தமிழில் க, வங்காளத்தில் கொ. 'எச்' விசையில் ப, 'எல்' விசையில் த. இரு மொழியும் வேண்டிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் கட்சி, ஆனால் தமிழர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தமிழ் 99 வேண்டியவர்களும் ஆங்கில ஒலிப்படி அடிப்பவர்களும் எ-கலப்பை, அழகி, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்று தனி மென்பொருள்களை நாடினார்கள். இன்று விண்டோஸிலேயே தமிழ் 99-உம் அஞ்சல் முறையும் இருக்கின்றன. 2019-ல் ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறையும் பத்து இந்திய மொழிகளுக்குச் சேர்க்கப்பட்டது. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் உள்ளே 'ஆட் எ கீபோர்ட்' என்பதில் தேர்ந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். ரூபாய்க் குறி வேண்டுமானால், 'இங்கிலீஷ் இந்தியா' விசைப்பலகையைத் தேர்ந்து, வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்துங்கள். அமெரிக்க விசைப்பலகையில் இது வராது.

சங்க உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒருங்குறியின் எண் வரிசையும் நம் நெடுங்கணக்கும் முழுதும் ஒன்றல்ல. அங்கே ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. வெறும் எண் வரிசையைப் பின்பற்றும் மென்பொருளில் வள்ளி பின்னுக்குப் போய்விடுவார். ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

நான் மிகவும் மெச்சும் மாற்றமும் அதே 2019 பதிப்பில் வந்ததுதான். அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நோட்பேட் தானாகத் தேர்ந்துகொள்ளும் சேமிப்பு முறையை ஆன்சியிலிருந்து ஒருங்குறிக்கு, யூடிஎஃப்-8 என்ற முறைக்கு, மாற்றினார்கள். எந்த முறையில் இருக்கிறது என்பது சாளரத்தின் கீழ் வலப்பக்கத்தில் சிறிய எழுத்தில் தெரியும். பதினைந்து ஆண்டு முன்னதாக இதைச் செய்திருந்தால் என் பன்னிரண்டு பக்கம் பிழைத்திருக்கும். பெட்டியைப் படிக்காத பிழை என்னுடையது, அதை மறுக்கவில்லை.

மிஞ்சிய இருபத்தெட்டுப் பக்கத்தைச் சரியாக மாற்றி வைத்திருக்கிறேன். என் பேத்தி டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், புரிந்துகொள்வாள். படிப்பது ஆங்கிலமும் வங்காளமும் மட்டும். அவளுக்காகத் தேடியபோது கண்டது இன்னொரு வசதி. விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்க்கும்போது 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்பதையும் சேர்த்தால் ஒரு தமிழ்க் குரல் வருகிறது. அந்தக் குரலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர்! விண்டோஸ் விசை, கண்ட்ரோல், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'நேரேட்டர்' திறக்கும். அதில் வள்ளுவரைத் தேர்ந்துவிட்டால் திரையில் உள்ள தமிழை வாசிக்கும். கோப்பு ஒருங்குறியில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவானால் அந்தக் குரலுக்கு அது தமிழே அல்ல. கையால் அடிக்க முடியாத முதியவர்களுக்கு இதன் மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் 11-ல் விண்டோஸ் விசையோடு 'எச்' அழுத்தினால், இணையத் தொடர்பு இருக்கும்போது, தமிழில் பேசுவதை எழுத்தாக்கித் தரும். பிழை வரும், திருத்திக்கொள்ள வேண்டும். ஆனாலும் பாட்டி சொல்லச் சொல்ல எழுத்து விழுவதைப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

சென்ற மாதம் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுத்தாத்தாவின் பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து கேட்டாள். வள்ளுவர் எல்லா வாக்கியத்தையும் ஒரே தொனியில்தான் படிக்கிறார். ரயில்வே லைனைத் தாண்டி மீன் வாசத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த இடம் வந்ததும் அவள் சிரித்தாள். பிறகு, "ஆரம்பத்திலிருந்து போடு தாத்தா, அவர் ஏன் இங்கே வந்தார்?" என்று கேட்டாள். எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். மறுநாள் அதை அடித்தும் வைத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது.

பழைய எழுத்துருவில் கடிதமோ, சமையல் குறிப்போ, மலர்க் கட்டுரையோ வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் பென் டிரைவில் கொண்டுவரலாம். கோப்போடு எழுத்துருவையும் கொண்டு வாருங்கள். ஃபிளாப்பியாக இருந்தால் முதலில் வெளிச்சத்தில் பிடித்து, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.